அட்டைப் பெட்டியில் ஆறுமணிக் குருவி

எங்கள் கடைக்கு எதிரே அந்தக் கல்யாண மண்டபம் வந்த பிறகுதான் நான் விடியற்காலையில் காதைத் தீட்டிக்கொண்டு வாசல் தெளிக்க ஆரம்பித்தேன். தொண்ணூற்று மூன்றில் கல்யாணமாகி நான் திண்டிவனத்துக்கு வந்தபோது அந்த இடத்தில் புளியமரங்கள்தான் இருந்தன. நான் தையல்காரி. ரோட்டைப் பார்த்த மாதிரி கடை, கடைக்குப் பின்னால் வீடு. என் வீட்டுக்காரர் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை போடுகிறவர். மூட்டைக்கு வாய் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று மண்டியில் சொல்வார்கள். வீட்டில் ஒரு வேட்டியை ஒழுங்காக மடிக்கத் தெரியாது, அது வேறு கதை.

ரோடு அகலமானது. அந்தப் பக்கத்து மரங்கள் போய் மண்டபம் எழும்பியது. முகப்பு முழுவதும் நீலக் கண்ணாடி. எங்கள் பக்கத்தில் மிஞ்சிய மரங்களும் மேலே இருக்கிற வானமும் அதில் அச்சு அசலாகத் தெரியும். ஊரே வந்து நின்று தலை சீவிக்கொண்டு போனது. பறவைகளுக்கு மட்டும் அது கண்ணாடி என்று யாரும் சொல்லவில்லை. அங்கேயும் ஒரு தோப்பு இருக்கிறது என்று நினைத்து நேராகப் பறந்து போய் மோதும்.

நனைந்த துணியைக் கல்லில் ஒரே ஒரு முறை அடித்தால் எப்படிக் கேட்கும், அப்படி ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றும் கேட்காத நேரம்தான் எனக்குப் பயம். வாசல் தெளிக்கிற வாளியை அப்படியே வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடுவேன். மண்டபத்துப் படியில் மரகதப்புறா கிடக்கும், மீன்கொத்தி கிடக்கும், விரல் நீளத் தேன்சிட்டு கிடக்கும்.

மண்டபத்து வாட்ச்மேன் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

“புதுக் கட்டடம்மா. காவு கேக்குது. பட்சியோட போனா சரி. ஆளக் கேக்காம இருந்தா போதும்.”

அமாவாசைக்கு அமாவாசை வாசலில் பூசணிக்காய் உடைத்தார். அதில் வழுக்கி ஒரு ஸ்கூட்டர்காரர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டதுதான் கண்ட பலன். எனக்கு அவர் பேச்சைக் கேட்டால் எரிச்சலாக வரும். இருந்தாலும் “ஆளக் கேக்காம இருந்தா” என்று அவர் சொன்னது சில நாள் மிஷின் மிதிக்கும்போது காதில் வந்து நிற்கும்.

விழுந்த பறவைகளில் பாதியை மோதல் கொல்லவில்லை. எங்கள் ஜனங்களின் இரக்கம் கொன்றது. உயிர் ஊசலாடுவதைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் கை தானாகத் தண்ணீரைத் தேடும். ரோட்டில் ஆள் விழுந்தால் சோடா. படுக்கையில் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தால் பால். குருவி விழுந்தால் டீக்கடைக்காரர் டம்ளரோடு வருவார், பூக்காரம்மா அலகைப் பிளந்து பிடிப்பார். இரண்டு சொட்டு உள்ளே போகும். கால் விறைக்கும். “பாவம், கடைசி வாய்த் தண்ணியாவது குடிச்சிட்டுப் போச்சு” என்று மனநிறைவோடு கலைந்து போவார்கள்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னிடம் பிளவுஸ் தைப்பவர். அளவு கொடுக்க வந்தபோது ஒருநாள் கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“மயக்கத்துல இருக்கறதுக்கு முழுங்கத் தெரியாதும்மா. நீங்க ஊத்துற தண்ணி நேரா நுரையீரலுக்குப் போவும். ஒன்னும் ஊத்தாதீங்க. அட்டப் பொட்டியில ஓட்ட போட்டு, துணி விரிச்சி, உள்ள வெச்சி மூடிடுங்க. இருட்டா இருக்கணும், சத்தம் இருக்கக் கூடாது. தொறந்து தொறந்து பாக்காதீங்க.”

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். “எழுந்து உக்காந்துட்டா பொழச்சிடுச்சின்னு நெனச்சிடாதீங்க. உள்ள ரத்தம் கசிஞ்சிருந்தா அப்புறமாத்தான் தெரியும்.”

செருப்புக்கடையிலிருந்து காலிப் பெட்டிகள் வாங்கி வைத்தேன். கத்தரிக்கோல் முனையால் ஓட்டை போட்டு, அடியில் லைனிங் துணி விரித்து, மிஷினுக்கு அடியில் தயாராக இருக்கும். வெறும் அதிர்ச்சியில் விழுந்தவை கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் பரபரவென்று ஓடும். புளியமரத்தடியில் மூடியைத் திறந்தால் ஒரே பாய்ச்சல், நன்றி நமஸ்காரம் ஒன்றும் கிடையாது. இறக்கை முறிந்ததை விழுப்புரத்தில் வனத்துறை ஆபீசில் கொடுக்க பஸ் ஏறுவேன். மடியில் பெட்டியைப் பார்த்து ஒரு கண்டக்டர், “இன்னாம்மா, ஸ்வீட்டா?” என்று கேட்டார். பெட்டி அவரைப் பார்த்துக் கத்தியது. அதற்கப்புறம் விழுப்புரம் வரைக்கும் அவர் என் பக்கமே வரவில்லை.

ஆனால் டாக்டரம்மா கடைசியாகச் சொன்னதை ஒரு மீன்கொத்திதான் எனக்குப் புரியவைத்தது. விழுந்த வேகத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. என்னை முறைத்தது. என் விரலைக் கொத்திப் பிடுங்கியது. ஆகா, தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மத்தியானம் பார்த்தால் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு கால் துணியைப் பிடித்திருந்தது, இன்னொரு கால் பிடிக்கவில்லை. சாயங்காலம் பெட்டியில் ஒன்றும் அசையவில்லை. உடனே எழுந்து உட்காருகிறவற்றை அதற்குப் பிறகு நான் நம்புவதே இல்லை.

மண்டபத்து முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடிக்கு வெளியே சாண் இடைவெளியில் கயிறு தொங்கவிட்டால் போதும், பறவைகள் விலகிப் போகும் என்றேன்.

“கயிறு தொங்குனா கல்யாண மண்டபம்னா நெனைப்பாங்க? குருவிக்காவா நான் மண்டபம் கட்டுனேன்?”

“குருவிக்குக் கட்டலங்க. குருவியக் கொல்றதுக்குக் கட்டியிருக்கீங்க.”

மண்டபத்து மேடைத் திரை தைக்கிற வேலை அதோடு என் கையைவிட்டுப் போனது. போனால் போகட்டும். என் வாய் அப்படி. வாங்கி வந்த வரம்.

அதே மண்டபத்தில்தான் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா, கண்டாச்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர். மாப்பிள்ளை வீடு திண்டிவனம். “வேற மண்டபமே கெடைக்கலியா அண்ணி?” என்று கேட்டேன். “உனுக்கு மட்டும் எல்லாத்துலயும் இன்னாமா பேஜாரு?” என்றார் அவர். தம்பி மேல் உயிரையே வைத்திருப்பவர், தம்பி பெண்டாட்டி மேல் அந்த அளவுக்கு இல்லை. அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது.

ஐப்பசி மாதம். தூறல். விடியும்போதே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். வாழைமரம் கட்டிய வாசலுக்குப் பக்கத்துப் படியில் ஓர் ஆறுமணிக் குருவி கிடந்தது. பச்சை முதுகு, தோளில் நீலம், வயிற்றடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டிய மாதிரி கறுப்புக் கோடு. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து இரவெல்லாம் பறந்து வருகிற பறவை. எவ்வளவோ தூரம் கடந்து வந்து இந்தக் கண்ணாடியிலா வந்து விழ வேண்டும்! கையில் எடுத்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது.

கடைக்கு ஓடி ஒரு பெட்டி எடுத்து வந்து அதில் வைத்து மூடி, பக்கத்திலேயே இருக்கட்டும் என்று மண்டபத்துச் சாமான் அறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருட்டில் வைத்தேன். எதிரே வந்த நாத்தனாரிடம் சொன்னேன்.

“அண்ணி, உள்ள ஒரு அட்டப் பொட்டி இருக்குது. யாரும் தொறக்க வேணாம். தண்ணி கிண்ணி ஊத்த வேணாம்.”

“கல்யாணத்தன்னிக்கும் குருவியா?” என்று சிரித்துக்கொண்டே போனார். அன்று அவர் அவ்வளவு அழகாக இருந்தார்.

எங்கள் வழக்கத்தில் தாலி ஏறுவதற்கு முன் தாய்மாமன் பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். மாமன் சீர் மேளத்தோடு வாசலுக்கு வந்தது. முன்னால் என் வீட்டுக்காரர். பட்டமும் மாலையும் வைத்த தட்டு இரண்டு கையிலும். கல்யாணத்துக்காகக் கண்ணாடிக் கதவைப் பேப்பரால் துடைத்துத் துடைத்து இருக்கிற இடமே தெரியாமல் செய்திருந்தார்கள். ஒரு கதவு திறந்திருந்தது, ஒன்று சாத்தியிருந்தது. அவர் பின்னால் திரும்பி யாரிடமோ சிரித்துப் பேசியபடி வேகமாக வந்தார்.

நான் உள்ளே நின்றிருந்தேன். மேளச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு அது கேட்டது. நனைந்த துணியைக் கல்லில் ஒரே ஒரு முறை அடித்த சத்தம்.

பின்பக்கமாக விழுந்தார். காதுக்கு மேலே தலை கருங்கல் படி விளிம்பில் இடித்தது. நான் போய்ச் சேருவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். “மாமா, கதவத் தொறந்துட்டு வரணும்!” என்று பையன்கள் கத்தினார்கள். “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு” என்றார் ஒரு பெரியவர். நல்ல நாளில் தாய்மாமன் விழுந்தது சகுனத்தடை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்கள் என்று தோன்றியது.

யாரோ சோடா உடைத்து நீட்டினார்கள். என் கை முந்திக்கொண்டது. தட்டிவிட்டதில் பாட்டில் படியில் உருண்டு சிதறியது.

“வாயில ஒன்னும் ஊத்தாதீங்க!”

மேளம்கூட ஒரு கணம் நின்றது. நாத்தனார் முகம் சிவந்துவிட்டது.

“குருவின்னு நெனச்சிக்கினியா என் தம்பிய?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. அவரை ஒரு ஓரமாக இழுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிடலாம் என்று கெஞ்சினேன்.

“பட்டம் கட்டாம மாமன் எழுந்து போனா நல்லாவா இருக்கும்? தாலி ஏறட்டும்மே, போலாம். லேசா தல வலிக்குது, அவ்ளோதான்.”

அவர் மேல் தப்பில்லை. அக்கா மகள். தோளில் தூக்கி வளர்த்த பெண்.

மேடைக்குக் கீழே நின்றேன். ஸ்பீக்கர் அலறியது. நாதஸ்வரம் காதுக்குள் இறங்கியது. வீடியோக்காரன் விளக்கை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினான். இருட்டும் அமைதியும் வேண்டும் என்று பெட்டி செய்து வைத்தேனே, அதற்கு நேர் எதிரான இடத்தில் என் புருஷனை உட்காரவைத்திருந்தார்கள். குருவியாக இருந்திருந்தால் மூடி எடுத்துக்கொண்டு போயிருப்பேன். மனிதனை எந்தப் பெட்டியில் வைப்பது?

அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல அது மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்த்திக்கொண்டார். மறுபடியும் சாய்ந்தது.

பட்டம் கட்டச் சொன்னார்கள். எழுந்து பெண்ணுக்குப் பின்னால் நின்று நூலை இழுத்தார். முடிச்சு விழவில்லை. நூல் இடது கையிலிருந்து நழுவியது. மறுபடியும் எடுத்தார், மறுபடியும் நழுவியது. “ஜல்தி மாமா, இப்படி கேமராவப் பாருங்க” என்றான் போட்டோக்காரன். ஆயுசு முழுவதும் மூட்டைக்கு வாய் கட்டிய கை அது. அந்தக் கையை அவரே யாருடையதோ போலப் பார்த்தார்.

மேடை ஏறினேன். நூலை வாங்கி நானே முடிச்சுப் போட்டேன். அவர் இடது கையைப் பிடித்தேன், அது என் கையைத் திருப்பிப் பிடிக்கவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கப் போனேன். நாத்தனார் குறுக்கே வந்து நின்றார்.

“தாலி ஏறட்டும். அதுக்குள்ள எழுந்து போனா எம் பொண்ணுக்கு ஆவாது.”

“அண்ணி, உங்க தம்பி சாவப் போறாரு!”

ஐயருக்கு முன்னால் மைக் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த வார்த்தை மண்டபம் முழுவதும் போய், வாசல் ஸ்பீக்கர் வழியாக ரோட்டுக்கும் போனது. அதற்குப் பிறகு யாரும் என்னைத் தடுக்கவில்லை. வழியும் விட்டார்கள். நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையை மட்டும் நான் சாகும்வரை மறக்க முடியாது.

சமையல்காரரின் வேனில் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பின்னால் காலி அண்டாக்கள் இடித்துக்கொண்டே வந்தன. “மழ நின்னுடுச்சா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நின்றுவிட்டது என்றேன். கொஞ்ச நேரத்தில் அதையே கேட்டார். நின்றுவிட்டது என்றேன். கிளியனூரில் வாந்தி எடுத்தார். மறுபடியும் கேட்க வாயெடுத்தார், வார்த்தை குழறியது. அப்புறம் கேட்கவே இல்லை. மழை நின்றுவிட்டது, நின்றுவிட்டது என்று நானாகவே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கண்மணி சிறியதாகவும் ஒன்று பெரியதாகவும் இருந்தது எனக்கே தெரிந்தது. சாப்பிட, குடிக்க ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, உடனே திறக்க வேண்டும் என்று உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பட்டுப்புடவையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். எந்தச் சாமியையும் கூப்பிடத் தோன்றவில்லை. அந்த அட்டைப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. யாராவது திறந்துவிடப் போகிறார்களே என்று இருந்தது.

அவர் பிழைத்தார். வார்டுக்கு மாற்றிய பிறகு நாத்தனார் வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்து நானும் பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் தம்பியின் கட்டுப் போட்ட தலையை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அந்தக் குருவி செத்துப் போச்சும்மா” என்றார்.

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

“சாயந்திரம் மண்டபத்தக் காலி பண்றப்போ பொட்டி ஞாபகம் வந்துச்சு. நீ தொறக்க வேணாம்னு சொன்னதும் ஞாபகம் இருந்துச்சு. உள்ள ஓடிக்கினு இருந்துச்சு, சத்தம் கேட்டுச்சு. மனசு கேக்கல, தொறந்தேன். நல்லா நின்னுக்கினு என்னயே பாத்துச்சு. காலைலேர்ந்து பட்டினியாச்சேன்னு வாயப் பிரிச்சி ரெண்டு சொட்டு தண்ணி உட்டேன். கையிலயே தல தொங்கிடுச்சு. அந்த நேரம் பாத்துதான் போன் வருது, தம்பிக்கு ஆப்பரேசன் முடிஞ்சிடுச்சி, கண்ணத் தொறந்துட்டான்னு.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவனுக்கு வந்தத அது வாங்கிக்கிச்சும்மா. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு.”

உங்கள் தண்ணீர்தான் அண்ணி கொன்றது என்று நாக்கு நுனி வரை வந்தது. பெட்டிக்குள் ஓடியது என்றால் தேறிவிட்டது என்று அர்த்தம். மூடியைத் திறந்து விட்டிருந்தால் புளியமரத்துக்குப் போயிருக்கும், அங்கிருந்து தெற்கே போயிருக்கும். ஆனால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மகள் கல்யாணத்தில் மைக்கில் சாவு என்று சொன்ன கை... இல்லை, சொன்ன வாய். அந்த வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் அப்படி மூடியது அதுதான் முதல் தடவை. அதோடு, சொல்லவே கூசுகிறது, எனக்குள் ஒரு மூலை அவர் சொன்னதை நம்பிவிட்டது.

இடது கை பழையபடி ஆகவில்லை. மண்டி வேலை போனது. என் கடையில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டித் தருகிறார். பேச்சு கொஞ்சம் நிதானம். வேட்டி மடிப்பதில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. மண்டபத்தில் கதவுக்கு ‘தள்ளு’, ‘இழு’ என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள், நடுவில் ஒரு பிள்ளையார். எல்லாம் மனிதர்களின் கண் உயரத்துக்கு. மேலே இருக்கிற கண்ணாடி அப்படியேதான் இருக்கிறது. வாட்ச்மேன் என்னைப் பார்த்தால், “அப்பவே சொன்னேனேம்மா” என்கிறார். ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்தச் சத்தம் கேட்கிறது. நானும் வாளியை வைத்துவிட்டு ஓடுகிறேன்.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. பெட்டியில் பறவை செத்துக் கிடந்தால் மனசு கனக்கும், ஆனால் அவ்வளவுதான். பிழைத்துப் பறந்து போனால்தான், அது வாங்கிக்கொள்ளாமல் விட்டது யார் தலைக்கு வருமோ என்று எனக்குத் திக்கென்று இருக்கிறது.

போன ஐப்பசியில் மறுபடியும் ஓர் ஆறுமணிக் குருவி விழுந்தது. பெட்டிக்குள் நன்றாக ஓடியது. புளியமரத்தடியில் மூடியைத் திறந்தேன். பச்சையும் நீலமுமாக ஒரு வீச்சு, கிளைக்குள் மறைந்தது. முன்பெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். அன்று பெட்டியை அங்கேயே போட்டுவிட்டுக் கடையைப் பார்த்து ஓடினேன்.

“இந்தாங்க!”

ஓடிக்கொண்டே மறுபடியும் கூப்பிட்டேன்.

“இந்தாங்க, எங்க இருக்கீங்க?”

அவர் கடை வாசலில் உள்பக்கமாக நின்றிருந்தார். எங்கள் கடைக்கு இரும்பு ஷட்டர்தான், அது மேலே சுருட்டிக் கிடந்தது. எதிரே வெறும் காற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து எந்த வாசலைக் கண்டாலும் அவர் அப்படித்தான். வலது கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, அங்கே ஏதாவது இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தார்.

“ஒன்னும் இல்லங்க” என்றேன். “வாங்க.”